மூலிகைப் பலகையில் பழைய படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் மூலிகைத் தோட்டம் வைப்பவர்கள் சிலர், பெயர்ப்பலகைகளில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சிடுகிறார்கள். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த, மலபார்ப் பகுதித் தாவரங்களைப் பற்றிய நூல் அது. கேரளத்து இட்டி அச்சுதன் வைத்தியரின் மருந்தறிவு அதில் இருக்கிறது. செடியைக் கண்ணால் பார்க்காமலே, அந்தப் படங்களை நம்பி ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பல தாவரங்களுக்குப் பெயரிட்டார். அவ்வளவு மதிப்புள்ள படங்கள்தான். ஆனால் அவற்றை மட்டும் வைத்து மூலிகை பறிக்கப் பழக்கக் கூடாது.

அந்தப் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடவலம் மாறித்தான் பதியும். ஓவியத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்கினால்தான் அச்சு நேராக வரும். சாதாரணச் செடிக்கு இதனால் பாதகமில்லை, கொடிக்கு உண்டு. காச்சில், சிறுவள்ளி இரண்டும் கிழங்குக் கொடிகள். காச்சில் கொடி கம்பைச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சிறுவள்ளிக் கொடி சுற்றும். அச்சில் திசை புரண்டிருந்தால் அந்த அடையாளமே பொய்யாகிவிடும். அப்போது இலையையும் தண்டையும் பார்க்க வேண்டும்: காச்சிலில் எதிரெதிர் இலை, சிறகு வைத்த தண்டு, சிறுவள்ளியில் மாற்றிலை (கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வரும் இலை), தண்டில் முள்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். அந்த நூலில் ‘கிர்கனெலி’ என்று இருப்பது அதுதான். காய் இலைக்கொத்தின் கீழே தொங்குவதால் வந்த பெயர். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தில் காயே தெரியாது. ஒரு கிளையையாவது புரட்டிப்போட்டு வரைய வேண்டும். பக்கத்தில் ஒரு காயைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும்: கீழாநெல்லிக் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும், சிவப்புக் கீழாநெல்லியின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பறித்துக் கட்டிவிடுவதற்கு இந்த ஒரு விவரம் படத்தில் இல்லாததே காரணம்.

பழைய படத்தோடு, இங்கே விளையும் செடியைப் பார்த்து வரைந்த புதுப் படமும் பலகையில் இருக்கட்டும். செடியை வேரோடு எடுத்து ஈரத்துணியில் சுற்றி வர வேண்டும். பூவின் நிறத்தை முதலில் தீட்டிவிட வேண்டும். சங்குப்பூ நீலம் வாடினால் மாறிவிடும். இலையைக் கவராயத்தால் அளந்து உள்ள அளவிலேயே வரைந்து, பூவையும் காயையும் 10 மடங்கு லென்சில் பார்த்துத் தனியே பெரிதாக்கலாம். ‘2 மடங்கு’ என்று எழுதி வைத்தால் பலகைக்காகப் படத்தைப் பெரிதாக்கும்போது அது தப்பாகிவிடும், 1 செ.மீ. அளவுகோடு போட்டால் படத்தோடு சேர்ந்து அதுவும் பெரிதாகும். வரைந்த செடியையே அன்றைக்கே தாளில் அழுத்தி உலர்த்தி, தேதியும் இடமும் எழுதி வைக்க வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் கிடைக்கும்.

இது நம்மவர்களுக்குக் கைவராத வேலை அல்ல. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களில் பெரும்பகுதி ரங்கையா, கோவிந்து என்ற தென்னாட்டு ஓவியர்கள் வரைந்தவை. நம் மாவட்டத்து மருந்துவாழ் மலை அடிவாரச் செடிகளிலிருந்தே தொடங்கலாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பெய்ததும் கீழாநெல்லி வரப்பெங்கும் கிடைக்கும். காய் பிடித்த செடியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாவர ஓவியர்கள் சிலர்,
நாகர்கோவில்.