வெள்ளைப் பின்னணிப் படம் கேட்பவர்களுக்கு, பெங்களூரு அல்சூரிலிருந்து

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சீமந்தமோ, அறுபதாம் கல்யாணமோ, இப்போது பலரும் கேட்பது, "சுத்திலும் வெள்ளையா, பளிச்சுன்னு இருக்குமே, அந்த மாதிரி எடுங்க." ஹை கீ என்று அதற்குப் பெயர். தாராளமாக எடுத்துத் தருகிறோம். கூடவே, "பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டிடுங்க" என்கிறார்களே, அதற்கு மட்டும் எங்கள் ஸ்டுடியோவில் விலைப்பட்டியல் கிடையாது.

இந்தப் படத்தில் வெளுக்க வேண்டியது திரைதான். அதற்கென்று தனியாக இரண்டு விளக்கு வைக்கிறோம். முகத்தைவிடத் திரையில் ஒன்றரை ஸ்டாப் கூடுதல். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு, ஒன்றரை என்றால் ஏறக்குறைய 3 மடங்கு வெளிச்சம். உங்களைத் திரையை விட்டு 6, 7 அடி தள்ளி நிறுத்துவதும் இதனால்தான். ஒட்டி நின்றால் திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முடியின் ஓரத்தைத் தின்றுவிடும். முகத்துக்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெள்ளைத் துணி மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் விளக்குப் பெட்டி. மறுபக்கத்து நிழலைக் குறைக்க ஒரு தெர்மாகோல் அட்டை. ஆமாம், கடையில் விற்கும் அதே தெர்மாகோல்தான்!

வீட்டில் எடுத்தால் திரை ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று கேட்கிறீர்கள். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதையும் சாம்பல் நிறமாக நினைத்தே கணக்குப் போடும். வெள்ளை அதிகம் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நாம்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்ற வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எங்கள் அளவுகோல் தலையில் வைத்த மல்லிப்பூ. படத்தைப் பெரிதாக்கினால் மொட்டு மொட்டாகத் தெரிய வேண்டும். பஞ்சாகிப் போயிருந்தால் மறுபடி எடுப்போம். அப்படி எரிந்துபோன இடத்தைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது.

உடை சந்தனம், இளநீலம், வெளிர் ரோஜாவாக இருந்தால் நல்லது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாத்தாவை வெள்ளை வேட்டியோடு நிறுத்தி எடுத்தோம். வேட்டி திரையோடு கரைந்துபோய், சிவப்புக் கரையும் இரண்டு பாதமும் அந்தரத்தில் நின்றன. பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது வேட்டி என்று முன்கூட்டியே சொன்னால், மடிப்பு தெரியும்படி விளக்கைப் பக்கவாட்டில் மாற்றி வைப்போம். கால் மணி நேரம் கூடுதலாகும்.

விபூதி, பொட்டு, பூ எல்லாம் வைத்துக்கொண்டே வாருங்கள். பவுடர் மட்டும் வேண்டாம், எங்கள் விளக்கில் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும்.

இப்படிக்கு,
அல்சூர் பஜார் தெரு ஸ்டுடியோக்காரர்கள்