ராமநாதபுரத்திலும் இறங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ராமேஸ்வரம் சுற்றுலாக் கட்டுரை படித்தேன். தீர்த்தங்கள், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் எல்லாம் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால் ராமநாதபுரம் வழியில் வரும் ஒரு ஸ்டேஷனாக மட்டும் வந்து போகிறது. அங்கே அரண்மனையில் சுவர் ஓவியங்கள் நிறைந்த ராமலிங்க விலாசம் இருப்பதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்காரர்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து எங்களுக்கு பஸ்தான் கதி. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்ததும், ரயிலில் கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு லீவு நாளில் அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு பாம்பனில் ஏறினோம். மண்டபம், உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ‘அரண்மனை’ என்றோம். அவ்வளவுதான் பயணம்.

ராமலிங்க விலாசம், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி கட்டிய தர்பார் மண்டபம். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சுவர் ஓவியங்கள் பின்னால் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. அவர் ஆண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய படங்கள், அதுவும் நம் ஊர்ச் சுவரில்!

ராமாயணப் பகுதிக்கு வந்ததும் அப்பத்தா நின்றுவிட்டார். தசரதன் பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்வதில் தொடங்கி, படத்துக்குப் படம் நகர்ந்து கதை சொன்னார். பையனுக்கு அதில் மனம் போகவில்லை. தஞ்சை மராட்டியரோடு சேதுபதி மோதும் போர்க்காட்சியை விட்டு அவனை நகர்த்த முடியவில்லை. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் படமும், வெள்ளைக்காரர்கள் அவரைப் பார்க்க வந்திருக்கும் படமும் எனக்குப் பிடித்தவை. அரசர், தெய்வம், சண்டை, வியாபாரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பாடப்புத்தகத்தில் சேதுபதிகளைப் பற்றி நாலு வரி படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பு எது?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இவை சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியங்கள். தொடத் தொட வண்ணம் தேயும், பூச்சு உதிரும். போரில் வந்த ஒரு குதிரையைத் தடவிப் பார்க்கப் பையன் விரலை நீட்டினான். நான் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை விரல்களை இப்படி யார் பிடிப்பது? உப்புக்காற்றும் ஈரமும் செய்யும் சேதம் போதாதா? பிள்ளைகளை அழைத்துவருபவர்கள் வாசலிலேயே சொல்லி உள்ளே கூட்டிப்போங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிறு இணைப்பில் வாரம் ஓர் ஓவியமாகப் பெரிய படத்தோடு போட்டு, அதில் யார் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி எழுதுங்கள். கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கினால், கத்தரித்து எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கலாம். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிகளும் தூரத்து ஊர்களுக்கு டூர் போடுவதற்கு முன் இந்த ரயிலில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.