புத்தகப் பைக்குள் கிடக்கும் கண்ணாடிகள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளியில் கண் பரிசோதனை முடிந்து, பவர் எழுதி, கண்ணாடியும் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் பார்த்தால் அது பிள்ளையின் முகத்தில் இல்லை; பையின் அடியில் கிடக்கிறது. முதல் 2 வாரங்களில் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே இது அமைகிறது.

காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் வாசித்து, படம் எடுத்துக் கண்ணாடி கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் மதியத்துக்குள் 'சோடாபுட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. வாங்கும் பிள்ளைகளை ஓர் அறையில் ஒன்றாக உட்காரவைத்துக் கொடுங்கள். 'ஏய் கண்ணாடி, எழுந்திரு' என்று ஆசிரியர் ஒருமுறை கூப்பிட்டால் போதும், வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். கண்ணாடி போட்டதற்காகவே முன் பெஞ்சுக்கு மாற்றவும் வேண்டாம். சரியான பவர் போட்ட பிள்ளைக்குக் கடைசி பெஞ்சிலிருந்தும் கரும்பலகை தெரியும்.

கேலிக்குப் பயந்துதான் எல்லோரும் கழற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வலிப்பதால் கழற்றுபவர்களும் உண்டு. கருவிழி ஏறக்குறைய லென்ஸின் நடுவே நிற்கிறதா பாருங்கள். குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள், நழுவக் கூடாது. சிறு பிள்ளைகளின் மூக்கு தட்டையாக இருப்பதால் பெரிய ஃபிரேம் அதில் நிற்காது. நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளை சீக்கிரமே கழற்றி வைத்துவிடும். காது மடலை விலக்கி, பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிக் கடையில் காதில் மாட்டும் பகுதியைச் சூடாக்கி வளைத்துத் தருவார்கள்; சில நிமிட வேலைதான்.

சிலிண்டர் பவர் (கண்ணின் முன்பகுதி வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) போட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் தரை சாய்ந்தாற்போலத் தெரியும். 'தலை சுத்துது டீச்சர்' என்பது சாக்கு அல்ல. படி இறங்கும்போது மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 2 வாரம் கடந்தும் தீரவில்லை என்றால் மறுபரிசோதனைக்கு அனுப்புங்கள்.

சாக்பீஸ் தூள் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். பிறகு எல்லாமே புகை மூட்டமாகத் தெரியும். குழாய் நீரில் கழுவி, ஒரு சொட்டு சோப்புத் திரவம் தடவி அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கக் கற்றுக்கொடுங்கள்.

பெற்றோரிடம் நீங்கள் பேசினால்தான் எடுபடும். 'எப்பவும் போட்டா பவர் ஏறும்', 'பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா?' இந்த இரண்டும்தான் வீட்டில் கண்ணாடியைக் கழற்றவைக்கின்றன. வளரும் வயதில் கண் பந்து நீள்வதால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது; கண்ணாடி போடுவதால் அல்ல. பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த மலேசிய ஆய்வு ஒன்றில் (2002), அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

சோம்பல் கண் (சிறு வயதில் ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் மங்கியிருப்பது) உள்ள பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் அவசரம் உண்டு. 7, 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். தள்ளிப்போடப் போட மீட்பது கடினம். நல்ல கண்ணை மூடும் ஒட்டைத் தினம் 2 மணி நேரம் மட்டும் போடச் சொல்லியிருந்தால், மாலையில் வீட்டுப்பாடம் எழுதும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வகுப்பில் அதோடு உட்காரும் சங்கடம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

இன்னொன்று. கண்ணாடி உடைந்தால் அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். உடைந்தால் திட்ட மாட்டேன், உடனே சொல் என்று கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக் கண் பரிசோதனைப் பணியிலுள்ள கண் மருத்துவ உதவியாளர்கள்