இட்டோக்கு சந்தைக்குப் போ, கண்ணம்மா

கண்ணம்மா,

நீ அனுப்பிய பயிற்சித் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். நைஜீரியாவில், லாகோஸில் வேலை உறுதியானதே சந்தோஷம். முதல் வகுப்பு அபெயோக்குட்டாவில் என்று பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். நீ நடை பழகிய ஊர் அது.

சந்தைப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி, 12 வகுப்புகள், ஆங்கிலத்தில், ஓட்டல் மண்டபத்தில் என்று போட்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். கோபமில்லை, மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

1981-லிருந்து மூன்று வருடம் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். இட்டோக்கு சந்தையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. உன் பெயருக்கு முன்னால் 'இயா' சேர்த்து, இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அடிரே துணி விற்கும் ஒரு அக்கா அங்கே எனக்குப் பழக்கமானார். மரவள்ளிக் கஞ்சியைக் கோழி இறகால் தொட்டுத் துணியில் சித்திரம் போட்டு அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கஞ்சி பட்ட இடத்தில் நீலம் ஏறாது. அந்த அக்காவுக்கு முழங்கை வரை எப்போதும் நீலம்தான். பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது பெண்களின் அஜோவை, அதாவது நம் ஊர்ச் சீட்டு மாதிரி, ஒரு எழுத்துகூட எழுதாமல் மனக்கணக்காகவே நடத்தினார். யார் வீட்டில் பிரசவம், யாருக்குப் பள்ளிக் கட்டணம், யார் முறையை முன்னால் தள்ளலாம் என்று அவர் சொன்னால் மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். உன் முதல் வகுப்பில் அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பாய், கண்ணம்மா?

சந்தைப் பெண்களைத் திரட்டிப் போராடிய ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியைப் பற்றி அந்த அக்காதான் எனக்கு முதலில் சொன்னவர். "அரண்மனை வாசலில் என் அம்மா உட்கார்ந்திருந்தபோது நான் அவர் முதுகில் இருந்தேன்" என்பார். நடந்தது 1947-ல்.

ஃபுன்மிலாயோ 1900-ல் அபெயோக்குட்டாவில் பிறந்தவர். அந்த ஊர் கிராமர் ஸ்கூலில் சேர்ந்த முதல் மாணவி. இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு 1922-ல் திரும்பினார். அவர் முதலில் நடத்திய மகளிர் சங்கத்தில் படித்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள்தான் இருந்தார்கள்; தையலும் சமையலும் பழகினார்கள். 1940-களில் சந்தைப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்க வந்தபோதுதான் எல்லாம் மாறியது. எழுத்துக் கற்க வந்தவர்கள் தங்கள் குறையையும் கொண்டுவந்தார்கள். போர்க்காலத்தில் அதிகாரிகள் தங்கள் அரிசியைப் பறித்துக்கொண்டு போவதைச் சொன்னார்கள். வரி பற்றியும் சொன்னார்கள். பெண்களுக்கு 15 வயதிலேயே வரி தொடங்கியது, ஆண்களுக்கு அதைவிடத் தாமதம். வயதைச் சோதிக்கிறோம் என்று வரி வசூலிப்பவர்கள் பெண்பிள்ளைகளின் உடையைக் களைந்து பார்த்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அவர் மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐரோப்பிய உடையை விட்டு, சந்தைப் பெண்களைப் போலவே யொரூபா உடை உடுத்தினார். மேடையில் யொரூபா பேசினார். புரிய வேண்டுமானால் வெள்ளை அதிகாரிகள் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 1946-ல் சங்கம் அபெயோக்குட்டா பெண்கள் ஒன்றியம் ஆனது. இருபதாயிரம் பெண்கள் சேர்ந்தார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தால் பிக்னிக் போகிறோம், திருவிழா கொண்டாடுகிறோம் என்று கிளம்பினார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தால் கண்ணை எப்படி மூடுவது, அதை எடுத்து எப்படித் திருப்பி எறிவது என்று முன்கூட்டியே பழகினார்கள். 1947 நவம்பர் கடைசியில் பத்தாயிரம் பேர், வரி வசூலை நடத்திய மன்னரின் அரண்மனை வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அலாக்கே என்பது அந்த மன்னரின் பட்டம். அவர்கள் பாடிய பாட்டை அந்த அக்கா எனக்குப் பாடிக் காட்டினார். அம்மா அதை உனக்கு எழுதமாட்டேன். 1949 ஜனவரியில் அலாக்கே முடி துறந்தார். பெண்கள் மேல் இருந்த வரி அதற்கு முன்பே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு முடிவில் அவர் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதுவும் ஒரேயடியாக வென்று முடிவதில்லை.

அபெயோக்குட்டாவின் எக்பா மக்களிடையே பெண் தலைமை வெள்ளைக்காரன் கொடுத்ததல்ல. இயாலோடே என்ற பட்டத்தோடு பெண்கள் சபையில் அமர்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பட்டம் வகித்த மேடம் டினுபு, படைக்கு ஆயுதம் கொடுத்த பெரிய வணிகர். அடிமை வணிகமும் செய்தவர். அதை மறைத்து அவரைக் கொண்டாடாதே. பிரிட்டிஷ் ஆட்சி மன்னர் ஒருவர் கையில் எல்லா அதிகாரத்தையும் குவித்தபோது அந்தப் பெண்களின் இடம் சுருங்கிப்போனது. 1947-ல் அவர்கள் அதைத்தான் திருப்பிக் கேட்டார்கள். இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: 109 பேர் கொண்ட நைஜீரிய செனட்டுக்கு 2023 பிப்ரவரித் தேர்தலில் 3 பெண்கள்தான் போனார்கள். வடக்கு நைஜீரியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதலில் ஓட்டுப் போட்டதே 1979-ல்தான்.

அதைப் பார்க்க ஃபுன்மிலாயோ இல்லை. 1977 பிப்ரவரியில், லாகோஸில் அவர் மகன், பாடகர் ஃபெலா குட்டியின் வீட்டுக்குள் ராணுவம் புகுந்து, 76 வயதான அந்த அம்மாவை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 13-ல் அந்தக் காயத்தால்தான் இறந்தார். நாங்கள் அங்கே போனபோது மூன்றே வருடம் ஆகியிருந்தது. அந்த அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஓட்டல் மண்டபத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. உன் அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும், தெரியும். ஆனால் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் சந்தையில் உட்கார். கையில் நோட்டு வேண்டாம். என்ன வரி கட்டுகிறார்கள், யாருக்குக் கட்டுகிறார்கள், மழை வந்தால் துணியை எங்கே வைக்கிறார்கள் என்று கேள். விலையை யொரூபாவிலேயே கேள்: 'எலோ நி?' அதன்பிறகு உன் 12 வகுப்பில் எத்தனை மிஞ்சுகிறது என்று எனக்கு எழுது.

எனக்கு நீல அடிரே ஒரு துண்டு வாங்கி வை. அந்த அக்கா இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். பார்த்தால் என் பெயரைச் சொல்லாதே, அவருக்குத் தெரியாது. உன் பெயரைச் சொல்.

அம்மா