திருச்சபைக்கு வெளியே மீட்பு உண்டா? நண்பனுக்கு ஒரு பதில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைப் பாதியில் விட்டுவிடாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறார்கள்.

அதனால் உன் பேரன் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. புது நன்மை (முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான) வகுப்பிலிருந்து நேரே உன்னிடம் வந்து, "தாத்தா, நீங்க ஞானஸ்நானம் வாங்கலையே, அப்ப மோட்சத்துக்கு வர மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதானாமே. நீ சிரித்துச் சமாளித்தது சரி. ஆனால் அடுத்த வரியிலேயே, "உண்மையில் உங்கள் சபை என்னதான் சொல்கிறது? மழுப்பாமல் எழுது" என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகுகிறோம், இதைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை, கவனித்தாயா?

"திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்ற வாக்கியம் எங்கள் மரபில் இருக்கத்தான் செய்கிறது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும் கத்தோலிக்கரை நம்பாதே. 1992இல் வந்த மறைக்கல்வி நூலிலும் 846ஆம் பத்தி அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் விளக்கம் சொல்கிறது. அது முதலில் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சொன்னவர் 3ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராக (பிஷப்பாக) இருந்த சிப்ரியான். எல்லாரும் உரோமைத் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசன் தேசியுஸ் ஆணையிட்டான். உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். ஆபத்து விலகியதும் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதா கூடாதா என்று சண்டை மூண்டது. உரோமையில் நொவாசியன் என்பவர் தன்னையே போட்டித் திருத்தந்தையாக (போப்பாக) ஆக்கிக்கொண்டு தனிச்சபை கண்டார். அந்தக் கொதிப்பில் எழுதப்பட்டதுதான் சிப்ரியானின் வாக்கியம். பிரிந்து போனவர்களுக்கும் போகலாமா என்று வாசலில் நின்றவர்களுக்கும் விடுத்த எச்சரிக்கை அது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளையிடம், "வாசலைத் தாண்டினால் உனக்குச் சோறு கிடையாது" என்று தாய் கத்துகிறாள். அதைப் பக்கத்து வீட்டுக்காரன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் எப்படி?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வாக்கியம் வரும் கடிதத்தில் சிப்ரியான் வாதிட்டதே, பிரிந்து போனவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், செல்லாது என்றுதான். திருத்தந்தை ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. முறையாகக் கொடுத்திருந்தால் அது திருமுழுக்குதான், மறுபடி கொடுக்கக் கூடாது என்றார். சபை கடைசியில் ஸ்தேவான் பக்கமே நின்றது. சிப்ரியானோ 258இல் மறைசாட்சியாகத் தலை வெட்டுண்டு புனிதரானார். அவர் வாதம் தோற்றது, வாக்கியம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஆயிரம் ஆண்டுகள் அதை ஆளாளுக்குக் கையில் எடுத்து வீசினார்கள்.

நீ மழுப்பாதே என்றதால் மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின் (ஆயர்கள் கூடிய பேரவையின்) ஆணை ஏடு, சாவதற்கு முன் திருச்சபையில் சேராவிட்டால் புறவினத்தார், யூதர், தப்பறைக்காரர் (சபையின் போதனைக்கு மாறானதை நம்புகிறவர்கள்), பிரிவினைக்காரர் எல்லாரும் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று வெளிப்படையாக எழுதியது. உலகம் முழுக்க நற்செய்தி எட்டிவிட்டது, இனியும் சேராதவன் வேண்டுமென்றே மறுப்பவன் என்ற அக்கால நினைப்பு அதற்குப் பின்னால் இருந்தது என்று இறையியலார் விளக்குவார்கள். விளக்கம் சரிதான். ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அவர்கள் எழுதிய யூதர் எங்கோ தெரியாத தேசத்தில் இருந்தவர்கள் அல்ல, அடுத்த தெருவில் இருந்தவர்கள்.

சரியாக 50 ஆண்டுகள் கழித்துக் கொலம்பஸ் கப்பல் கரை தட்டியது. இயேசு என்ற பெயரையே கேட்டிராத மக்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். பழைய கணக்கு அத்தோடு உடைந்தது. ஸ்பெயினில் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 1539இல் சொன்னதை நீ கவனிக்க வேண்டும். கேட்கவே வாய்ப்பில்லாமல் நம்பாதிருந்தவர்கள் மேல் பாவம் இல்லை என்றார். அதோடு விடவில்லை. வெறுமனே அறிவித்துவிட்டால் மட்டும் அவர்கள் நம்பக் கடமைப்பட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நம்பத் தகுந்த விதத்தில், நல்ல வாழ்க்கையின் சாட்சியோடு அறிவித்திருக்க வேண்டும் என்றார். அப்படி நடந்ததாகத் தன் காதுக்கு எட்டவில்லை, அட்டூழியங்களின் செய்திதான் வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். சொந்த நாட்டு அரசன் அந்த மண்ணை ஆண்டுகொண்டிருந்தபோது பேசிய பேச்சு இது!

ஆனால் இந்தக் கதவு 16ஆம் நூற்றாண்டில் புதிதாகத் திறந்தது இல்லை. எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று 392இல் நடந்தது. இரண்டாம் வாலண்டீனியன் என்ற இளம் பேரரசன், வயது இருபத்தொன்று. மிலான் ஆயர் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற விரும்பி அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். அவர் போய்ச் சேருவதற்குள் இன்றைய பிரான்சில் இருக்கும் வியென் நகரில் பிணமாகக் கிடந்தான். திருமுழுக்கு இல்லாமல் போய்விட்டானே என்று அவன் சகோதரிகள் கதறினார்கள். அம்புரோசியார் இரங்கல் உரையில் அவர்களிடம் கேட்டது இதுதான்: விரும்புவதையும் கேட்பதையும் தவிர நம் கையில் வேறு என்ன இருக்கிறது? அவன் விரும்பினான், கேட்டான். கேட்டதைப் பெற்றுக்கொண்டான் என்றார். ஆசைத் திருமுழுக்கு என்று நாங்கள் சொல்வதன் வேர் இந்தச் சாவு வீட்டில்தான் இருக்கிறது. 1547இல் திரெந்து பொதுச்சங்கமும் திருமுழுக்கு, அல்லது அதற்கான விருப்பம் என்றே எழுதியது.

பிறகு நடந்ததெல்லாம் அந்த விருப்பம் எவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற விவாதம்தான். 1863இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், தன் குற்றமில்லாமல் நம் மறையை அறியாதவர்கள் மனச்சான்றுக்கும் இயற்கைச் சட்டத்துக்கும் உண்மையாக வாழ்ந்தால் கடவுளின் ஒளியாலும் அருளாலும் நிலைவாழ்வு பெற முடியும் என்று எழுதினார். பழைய வாக்கியத்தையும் அதே மடலில் மறுபடி வலியுறுத்தினார். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியாமல் திணறியவர்களில் பாஸ்டன் பக்கம் லெனார்டு ஃபீனி என்ற குருவும் ஒருவர். வெளிப்படையாகக் கத்தோலிக்கராக இல்லாத எவருக்கும் மீட்பே கிடையாது என்று அடித்துப் பேசினார். 1949இல் உரோமை அதைத் தவறான விளக்கம் என்று மறுத்தது. விளக்கம் சொல்ல அழைத்தபோது அவர் போகவில்லை. கீழ்ப்படியாமைக்காக 1953இல் சபை விலக்கம் செய்யப்பட்டார். சபைக்கு வெளியே யாருக்கும் வழியில்லை என்றவரே வெளியே நிற்க நேர்ந்தது. 1972இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், அது நல்ல செய்தி.

இப்போது இருக்கும் போதனைக்கு வருகிறேன். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் 16ஆம் பத்தி உனக்கானது. யூதர்கள், இஸ்லாமியர், நிழல்களிலும் உருவங்களிலும் அறியாத கடவுளைத் தேடுகிறவர்கள், கடவுளைத் தெளிவாக அறியும் நிலைக்கே இன்னும் வராதவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, நேர்மையான உள்ளத்தோடு தேடி மனச்சான்றின்படி நடப்பவர்கள் மீட்படைய முடியும் என்கிறது. இது தானாக நடந்துவிடும் என்றும் சொல்லவில்லை. மனிதர் பல நேரம் ஏமாந்து பொய்யின் பின்னால் போகிறார்கள் என்ற எச்சரிக்கையும் அதே பத்தியில் உண்டு. ஒன்றை மட்டும் அது விட்டுக்கொடுக்காது. யார் மீட்படைந்தாலும் கிறிஸ்து வழியாகத்தான், அவர் பெயர் அவர்களுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இது உனக்கு உறுத்தும். உறுத்தட்டும், அதை மறைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

14ஆம் பத்தி எனக்கானது. திருச்சபை இன்றியமையாதது என்று அறிந்தும் அதில் சேர மறுப்பவரும், சேர்ந்தபின் நிலைத்திருக்க மறுப்பவரும் மீட்படைய முடியாது என்கிறது. அதற்கு அப்புறம் வருவதுதான் என்னைத் தூங்கவிடாதது: திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைத்திராதவனுக்கு மீட்பு இல்லை, அவன் உடலளவில் உள்ளே இருக்கிறான், உள்ளத்தால் இல்லை, பெற்ற அருளுக்கு ஏற்ப வாழாவிட்டால் அவனுக்குத் தீர்ப்பு இன்னும் கடுமையாக இருக்கும். அதாவது "இல்லாவிட்டால் மீட்பு இல்லை" என்ற சட்டத்தின் பாரம் உன்னைவிட என் தோளில்தான் அதிகம்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பார். மீட்புப் பெறுவோர் சிலர் மட்டும்தானா என்று ஒருவன் இயேசுவைக் கேட்கிறான். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாயிலில் நுழையப் பாடுபடு என்று கேட்டவன் பக்கமே திருப்பிவிடுகிறார். அப்புறம் ஒரு கதவு அடைபடுகிறது. வெளியே நின்று தட்டுகிறவர்கள் யார் தெரியுமா? "உம்மோடு உண்டோம், குடித்தோம், எங்கள் வீதிகளில்தானே போதித்தீர்" என்கிறவர்கள். அதாவது என்னைப் போன்றவர்கள். உள்ளே பந்தியில் அமர்கிறவர்களோ கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருந்து வந்தவர்கள். பேரனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்தக் கதையையே சொல். மறைக்கல்வி நூலின் 1257ஆம் பத்தியையும் அவன் அம்மாவிடம் காட்டு: மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தவர் கடவுள், ஆனால் அவர் திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அதில் இருக்கிறது. வகுப்பெடுக்கும் ஆசிரியை இதன் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மணியடித்திருப்பார். எனக்கும் மணி அப்படித்தான் அடிக்கும்.

கார்ல் ரானர் என்ற ஜெர்மானிய இறையியலார் உன்னைப் போன்றவர்களை "பெயரறியாக் கிறிஸ்தவர்கள்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான், எனக்கு ஒட்டவில்லை. உன்னைக் கேட்காமலே உன் பெயரை எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்வது போலத் தோன்றுகிறது. ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி அவரிடமே, "நான் உங்களைப் பெயரறியா பௌத்தர் என்றால்?" என்று கேட்டாராம். பெருமையாக எடுத்துக்கொள்வேன் என்றார் ரானர். மனிதர் பெரிய மனதுக்காரர்தான்.

உன் குறும்புக் கேள்விக்கும் பதில். "தெரியாதவனுக்குச் சலுகை என்றால், சொல்லாமலே விடுவதுதானே உபகாரம்?" என்று கேட்டிருக்கிறாய். அறியாமை யாரையும் மீட்காது, நண்பா. மீட்பது அருள். அறியாமை குற்றமாகக் கணக்கில் வராது, அவ்வளவுதான். எனக்கு ஒருவரைத் தெரியும், அவர் இல்லாமல் என்னால் வாழ முடியாது என்றால், அதை உன்னிடம் சொல்ல ஆசைப்படுவேன். நீ நெருப்பில் விழுந்துவிடுவாய் என்ற பயத்தில் இல்லை. "நான்தான் எல்லாம் கேட்டவனாயிற்றே, உன் கல்யாணப் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்தவனாயிற்றே, அறிந்து மறுத்தவன் பட்டியலில் வருவேனா?" என்பாய். காதில் விழுவது வேறு, உண்மை என்று உள்ளுக்குள் தெரிந்தும் தள்ளுவது வேறு. உன்னிடம் நற்செய்தி என் வாழ்க்கை வழியாகத்தான் வந்திருக்கிறது. வித்தோரியாவின் அளவுகோலை வைத்தால் விசாரணை முதலில் எனக்கு.

இனி உன் முறை. சைவ சித்தாந்தத்தில் புறப்புறச் சமயம், புறச் சமயம், அகப்புறச் சமயம், அகச் சமயம் என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழைய பட்டியலில் எங்கள் பெயரே கிடையாது. என்னை எந்த வட்டத்தில் உட்கார வைப்பாய், அங்கிருந்து வீடுபேற்றுக்கு வழி உண்டா என்று நீயும் எழுது. எனக்குக் கண்புரை அறுவை வருகிறது. அதற்கு முன்னால் பதில் வந்தால் நானே படிப்பேன். பிந்தினால் இவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும், உன் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே வாசிப்பாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்