போல்நப்ரோன் சாலையில் டிரெய்லரை நிறுத்திய பெரியவருக்கு நன்றி

பேர் கேட்க மறந்துவிட்டேன், அதனால்தான் இந்தப் பதிவு. போன மே மாதம் அயர்லாந்தில், கிளேர் கவுண்டியின் பாலிவான் கிராமத்திலிருந்து வாடகை சைக்கிளில் போல்நப்ரோன் கல்திட்டை (பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கற்காலக் கல்லறை) பார்க்கப் போனேன். 5,000 வருஷத்துக்கும் பழையது. 1986-இல் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்த இடம். திரும்பும்போது செயின் அறுந்துவிட்டது. சாரல் வேறு, அந்த பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

மாட்டு டிரெய்லரோடு வந்த அவர் ஒன்றும் கேட்கவில்லை, இறங்கி சைக்கிளைத் தூக்கி வைக்கோல் மேல் போட்டார், அவ்வளவுதான். வழியெல்லாம் பேச்சு. அங்கே குளிர்காலத்தில்தான் மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவார்களாம் (நம் கணக்குக்குத் தலைகீழ்), கோடையின் சூட்டைப் பாறை பிடித்து வைத்திருக்குமாம், மாடுகள் முரட்டுப் புல்லை மேய்ந்து தீர்த்தால்தான் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்றார். சொன்னதோடு விடாமல் வண்டியை ஓரங்கட்டி, பாறை வெடிப்புப் பக்கம் குனியச் சொல்லி, ஸ்பிரிங் ஜென்ஷியன் என்ற காட்டுப்பூவைக் காட்டினார். விரல்நகம் அளவு இருக்கும், அப்படி ஒரு நீலம். கல்திட்டையைவிட எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது, சரி, அது என் ரசனை.

அப்புறம் வழியை விட்டு விலகி கார்க்கம்ரோ மடாலயத்துக்கும் கூட்டிப்போனார். கூரை போன தேவாலயத்துக்குள் 13-ஆம் நூற்றாண்டு மன்னர் கானர் ஓ'பிரையன் கற்சிலையாகப் படுத்திருக்கிறார்.

பணம் கொடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். ரொம்ப நன்றி ஐயா. சைக்கிள் சீட்டில் ஒட்டியிருந்த மாட்டு முடியை மறுநாள்தான் கவனித்தேன்.