கம்பி மறையும் முன் ஒரு பார்வை

ஐயா,

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 முதல் சுயசான்றிலேயே (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே தரும் உறுதி) உடனடி அனுமதி கிடைக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் தொண்டி முதல் மண்டபம் வரை எங்கள் கடலோரத்தில் வீட்டைக் கெடுப்பது உப்பு. பல இடங்களில் உவர்ப்பான போர் தண்ணீரிலேயே கலவை. கம்பியைத் தாங்கி இடைவெளி விடும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டு. (மேஸ்திரியிடம் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் சார்!") கடலோரக் கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும், கலவைத் தண்ணீரில் குளோரைடு (உப்பிலுள்ள, கம்பியை அரிக்கும் பொருள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கான்கிரீட் கொட்டிய பிறகு இதை யார் பார்ப்பது? கம்பி துருவேறி ஊதி, கூரை பெயரும்போதுதான் தெரியும். அஸ்திவாரத்தின்போதும், கூரைக்குக் கம்பி கட்டியதும் உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் வந்து பார்க்கட்டும். நியாயமான கட்டணம் என்றால் தரத் தயார்.

– வாசகர், கீழக்கரை